சுழி போட்ட அளவுகள்

வாக்குமூலம், முதல் பகுதி. முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு எழுதத் தொடங்கியது.

என் பெயர் இந்தத் தாளின் தலைப்பில் கண்டபடி. அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கடைத்தெருவில் டேப் அக்கா என்று விசாரித்தால் கைகாட்டுவார்கள். வயது நாற்பத்தேழு. தொழில் தையற்கடை. குடியிருப்பு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பின்பக்கத்து இரண்டு அறைகள். கடை அதே மாடியில் தெருவைப் பார்த்த முன்னறை. அங்க அடையாளம் கேட்கப்பட்டதற்கு, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய தழும்பு, இடுப்பு முப்பத்திரண்டு, கல்யாணமான நாளிலிருந்து மாறவில்லை என்று சொன்னேன். இடுப்பளவு தேவையில்லை என்று நிலைய எழுத்தர் சொன்னார். அளவெடுக்கிறவளிடம் அடையாளம் கேட்டால் அளவுதான் வரும், எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

கடையை நானும் என் கணவரும் இருபத்துநான்கு வருடங்களாக நடத்தி வருகிறோம். அவரைத் தெருவில் மாஸ்டர் என்பார்கள். அளவெடுப்பது நான், துணி வெட்டுவது அவர், தைப்பது இருவரும். துணியை வாடிக்கையாளர்களே வாங்கி வருவார்கள். எத்தனை மீட்டர் வேண்டும் என்று நான் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். தையற்கூலி ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒன்றுதான். எடுத்த அளவுகளை நீள நோட்டு ஒன்றில் எழுதுகிறேன். அதில் யார் பெயரும் இருக்காது. ஆளைப் பார்த்ததும் என் மனதில் என்ன தோன்றுகிறதோ அதை எழுதிவிடுவேன்: இருமல், பொடிநடை, குடை, ஜன்னல் என்று இப்படி. நோட்டு கை மாறினாலும் யாருடைய உடம்பு அது என்று வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மாஸ்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று காலை பத்தேகால் மணிக்கு எடையளவு ஆய்வாளர் அம்மா ஒரு காவலருடன் கடைக்கு வந்தார். கடைத்தெருத் தையற்கடைகளில் பொய் டேப் வைத்து அளப்பதாகப் புகார் வந்திருக்கிறது, சோதனை போட வேண்டும் என்றார். அப்போது வெட்டுமேசையில் பேக்கரி அண்ணன் மகள் கல்யாணத்துக்கான பதினோரு உருப்படிகள் கிடந்தன, மணப்பெண்ணின் கவுன் உட்பட. கல்யாணம் நாளை மறுநாள். அதன் பிறகு ஆய்வாளர் அம்மா எங்கள் மீட்டர் கோலைப் பார்த்தார், முத்திரை சரியாக இருந்தது. அதன் பிறகு என் கழுத்தில் தொங்கிய வெள்ளை டேப்பைத் தன்னுடைய இரும்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்தார், நூலளவும் பிசகவில்லை. அதன் பிறகு திரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். டேப்பில் பத்து என்று இருந்த இடம் அவர் கோலில் பன்னிரண்டாக இருந்தது. மூன்று முறை வைத்துப் பார்த்தார், மூன்று முறையும் பன்னிரண்டுதான். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். பதில் சொல்ல இஷ்டமில்லாத கேள்வி வந்தால் மின்விசிறியைப் பார்ப்பது அவர் வழக்கம்.

அதன் பிறகு மஞ்சள் டேப்பும் அளவு நோட்டும் கைப்பற்றப்பட்டு, நாங்கள் இருவரும் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டோம். டேப்பை ஆதாரமாக மேசைமேல் வைத்ததும் அறையில் இருந்த ஐந்து பேரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதை நான் கவனித்தேன். ஆய்வாளர் அம்மாவும் இழுத்தார். இதை எழுத வேண்டாம் என்றார். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்களே என்று நான் கேட்டதன் பேரில் எழுதப்பட்டது.

நோட்டில் பல அளவுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சுழி ஒன்று போட்டிருப்பது ஏன் என்று கேட்கப்பட்டது. தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன். சுழி போட்ட ஆட்கள் யார் யார் என்று கேட்கப்பட்டது. அதையும் சொல்ல மாட்டேன் என்றேன். பொய் அளவுகோலை வைத்திருப்பதே குற்றம் என்றும், அதனால் தாங்கள் ஏமாறவில்லை என்று அந்த ஆட்களே நேரில் வந்து சொன்னால் ஒழிய மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைக்கப்படும் என்றும் ஆய்வாளர் அம்மா எடுத்துச் சொன்னார். இருபத்துநான்கு வருடக் கடை, உள்ளே அந்தப் பெண்ணின் கவுனுக்கு இன்னும் கைகூட வைக்கவில்லை. ஆனாலும் என்னை நம்பித் திரைக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களை ஊரறியக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. திரைக்குள் பேசியது திரைக்குள்ளேயே இருக்கட்டும், பூட்டுவதானால் பூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். இதுவரை எழுதியது படித்துக் காட்டப்பட்டது, ஒப்புக்கொண்டேன்.

வாக்குமூலம், தொடர்ச்சி. மாலை நான்கு பத்துக்கு எழுதத் தொடங்கியது.

இப்போது எல்லாவற்றையும் சொல்வதில் எனக்குத் தடை இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அந்த மஞ்சள் டேப்பின் முனைத் தகடு முதல் அங்குலத்தோடு பிய்ந்துபோயிற்று. தூக்கிப் போட மனமில்லாமல், போன ஒரு அங்குலத்துக்கு நாடாவை வைத்து ஒட்டுப் போட மாஸ்டர் உட்கார்ந்தார். எதை வெட்டினாலும் தையலுக்கென்று இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம் விட்டு வெட்டுவது அவர் கைப்பழக்கம். அதன்படி ஒரு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் வெட்டிவிட்டார். மடித்துத் தைத்தால் டேப் தடித்துவிடும் என்று விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துவிட்டார். தையலுக்கு விட்ட இரண்டு அங்குலமும் அப்படியே முனையில் நின்றுவிட்டது. அதிலிருந்து அந்த டேப்பால் நாற்பதை அளந்தால் முப்பத்தெட்டு என்று காட்டும். இது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்த நாள் நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா கடைக்கு வந்தார். நீண்ட சிகிச்சையிலிருந்து எழுந்தவர், மருந்தினால் உடம்பு ஊதி, இருந்த துணி எதுவும் சேராமல், எட்டு மாதமாக வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தவர். அன்றும் பக்கத்துவீட்டுக்காரி இழுத்து வந்ததால்தான் வந்தார். நான் அந்த ஒட்டுப் போட்ட டேப்பை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். டேப் பட்டதும் மூச்சைப் பிடிக்காத ஆள் உலகத்தில் இல்லை. பிடித்த மூச்சுக்குத் தைத்த சட்டை, ஆள் உட்கார்ந்தால் தெறித்துவிடும். அதனால் நான் வழக்கம்போல ஏதோ கேலி பேசி அவரை மூச்சுவிட வைத்தேன். அதன் பிறகு முப்பத்தெட்டு என்று படித்தேன். அக்கா கண்ணைத் திறந்து, "முப்பத்தெட்டா? நல்லாப் பாரு" என்றார். மறுபடி அளந்து மறுபடியும் முப்பத்தெட்டு என்றேன். அக்கா சிரித்தார். அவர் பாடிக்கொண்டே மாடிப்படி இறங்கியது கீழே மருந்துக்கடை வரை கேட்டது. அந்த வாரமே வேலைக்குத் திரும்பினார்.

அன்று மாலை நோட்டைப் பார்த்த மாஸ்டர், இது அந்தம்மா அளவே இல்லை, நாற்பதுக்கு ஒரு நூல் குறையாது என்றார். வெட்டுகிறவர் கண் அது. அதன் பிறகு இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒட்டைப் பிரிப்பதற்குக் கத்தரியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பிரிக்காதீங்க, அவங்க பாடிக்கிட்டே போனாங்க" என்றேன். அதன் பிறகு நோட்டில் முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டேன். சுழி இருந்தால் வெட்டும்போது இரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். சுழியின் பொருள் அவ்வளவுதான்.

அதிலிருந்து, தன் அளவைக் கேட்க பயந்துகொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் மஞ்சள் டேப்பை எடுப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்ததில்லை, சீருடைக்கு எடுத்ததில்லை, துணிமேல் ஒருநாளும் வைத்ததில்லை. துணி வாங்கும் சீட்டில் உண்மை அளவுக்குத்தான் எழுதுவேன். இந்த இடுப்புக்கு ஏன் இவ்வளவு துணி என்று யாராவது கேட்டால், மாஸ்டர் வெட்டும்போது கொஞ்சம் வீணடிப்பார் என்று பழியைத் தூக்கி அவர்மேல் போட்டுவிடுவேன். ஒன்பது வருடமாக அவர் அதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை.

புகார் கொடுத்தவர் யார் என்று காலையில் எனக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தனார். அடுத்த தெருவில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறார், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். போன மாதம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் கையைக்கூட நனைக்காமல், "அண்ணி, முப்பது நாள்ல ரெண்டு அங்குலம் குறைச்சுக் காட்டறேன்னு போர்டு வச்சேன். வர்றவன் எல்லாம், தையல்கடையிலயே ரெண்டு குறைஞ்சு போச்சு, நீ எதுக்குன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறான். எவனோ பொய் டேப் வச்சிருக்கான், சும்மா விடப்போறதில்ல" என்றார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். இந்தத் தெருவில் தையற்கடை நான்கு. எங்கள் கடையை அவர் கனவில்கூடச் சந்தேகப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொழுந்தனாருக்கு நோட்டில் மலை என்று பெயர். அவர் அளவுக்குப் பக்கத்தில் சுழி இல்லை, முக்கோணம். முக்கோணம் இருந்தால் இரண்டு கழிக்க வேண்டும். அவர் மார்பை அளக்கும்போது மட்டும் வெள்ளை டேப்புக்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்து நாற்பத்துநான்கு என்று படிப்பேன். புகார் கொடுத்தவரின் அளவே பொய்தான் என்று காலையில் சொல்லியிருந்தால் புகார் அங்கேயே பிசுபிசுத்துப் போயிருக்கும். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற பிள்ளையின் மார்பளவைக் காவல் நிலையத்தில் வைத்துக் குறைக்க என்னால் முடியவில்லை.

முதல் பகுதியில் கையெழுத்திட்ட பிறகு நானும் மாஸ்டரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் வாங்கி வந்த பன்னைப் பாதி பாதி சாப்பிட்டோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு வாசலில் சந்தடி கேட்டது. நூலகத்து அக்கா முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் மாவுக் கையோடு பேக்கரி அண்ணன், அவருக்குப் பின்னால் படி வரைக்கும் ஆட்கள். எண்ணினேன், பத்தொன்பது பேர். எங்களை அழைத்துப் போனதை மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். மருந்துச் சீட்டு கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் செய்தியையும் கொடுத்திருக்கிறார்.

நூலகத்து அக்கா ஆய்வாளர் அம்மாவிடம் நேராகப் போய், "நோட்டுல ஜன்னல்னு இருக்கும் பாருங்க, அது நான்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நானே கேட்டுவிட்டேன். "நோட்டை எதிர்ல விரிச்சுப் போட்டுட்டுத்தானே அளக்கறே. தலைகீழாப் படிக்கத் தெரியாட்டி நான் என்ன நூலகத்துக்காரி?" என்றார். அதன் பிறகு பேக்கரி அண்ணன் கையைத் தூக்கி, இருமல் என்பது தான்தான் என்றும், தனக்குச் சளி எதுவும் கிடையாது, டேப் பட்டதும் வயிற்றை உள்ளே இழுக்கத்தான் இருமியது என்றும் சொன்னார். அதன் பிறகு பொடிநடை வந்து ஒப்புக்கொண்டார், குடை ஒப்புக்கொண்டார். குடை என்று நான் எழுதியது தான் குடை கொண்டுவந்ததாலா அல்லது உடம்பைப் பார்த்தா என்று அவர் கேட்டதற்கு, கொண்டுவந்ததால்தான் என்று சொன்னேன். இந்த ஒரு பதிலை மட்டும் இந்த வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

பொய் அளவு சொல்லி இவர் உங்களை ஏமாற்றவில்லையா என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். அதற்கு நூலகத்து அக்கா, "எங்க வீட்லயும் டேப் இருக்கும்மா. அன்னிக்கே போய் அளந்து பாத்தேன், நாப்பதுதான். ஆனா முப்பத்தெட்டுன்னு சொல்றப்ப இவ மூஞ்சியைப் பாக்கணுமே, பரீட்சைல பாஸானது இவதாங்கற மாதிரி. எட்டு மாசமா எல்லாரும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டினாங்க. ஒருத்தியாவது என்னைப் பாத்து சந்தோஷப்படறாளேன்னுதான் பாடிக்கிட்டே போனேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் புரையேறி, காவலர் தண்ணீர் கொடுத்தார்.

அதன் பிறகு, ஆட்களும் நோட்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பதற்காக எல்லோரையும் இங்கேயே அளக்க வேண்டும் என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். காவலர் அளக்க வந்தபோது ஒருவரும் சம்மதிக்கவில்லை, டேப் அக்காதான் அளக்க வேண்டும் என்றார்கள். அதன் பேரில் நான் வெள்ளை டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். இங்கே திரை இல்லை. பேக்கரி அண்ணன் அறையின் நடுவில் வந்து நின்று கையைத் தூக்கினார், இருமவில்லை. நான் அளந்து, படிக்கத் தயங்கினேன். அவரே குனிந்து பார்த்து, நாற்பத்தாறு என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார். கைதட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்கு நான் உண்மை அளவைப் படித்தேன், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பத்தொன்பது பேரில் மூச்சைப் பிடித்தவர் ஒருவர்கூட இல்லை. நான் இத்தனை வருடத்தில் எடுத்ததில் இதைவிடச் சரியான அளவுகள் கிடையாது. சுழிக்கு இரண்டு கூட்டியதும் எல்லாம் நோட்டோடு பொருந்தின.

அதன் பிறகு கொழுந்தனார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "அண்ணி, நீங்களா?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் தம்பி என்றேன். அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. அதன் பிறகு என்ன நினைத்தாரோ, வரிசையின் கடைசியில் இருபதாவது ஆளாகப் போய் நின்றார். அவர் முறை வந்ததும் கையைத் தூக்கி, எனக்கு மட்டும் கேட்கிறாற்போல, "உள்ளங்கையை எடுத்துட்டு அளங்க அண்ணி" என்றார். அளந்தேன், நாற்பத்திரண்டு. அவருக்குத்தான் அதிகக் கைதட்டல். அதன் பிறகு தன் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். நாளை கல்யாணத் துணிகளுக்கு இஸ்திரி போடத் தானே வருவதாகவும் சொன்னார்.

யாரும் ஏமாறவில்லை என்பதால் கடைக்கு முத்திரை தேவையில்லை என்றும், ஆனால் மஞ்சள் டேப்பின்மேல் அது அளவுகோல் அல்ல என்று தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் ஆய்வாளர் அம்மா உத்தரவிட்டார். மை அழிந்துவிடும் என்று சொல்லி, காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, சிவப்பு நூலில் 'அளக்க அல்ல' என்று அங்கேயே தைத்துக் கொடுத்தேன். தையல் நன்றாக இருக்கிறது என்றார். தனக்கு ஒரு கோட்டு தைக்க வேண்டும், அடுத்த வாரம் வரலாமா என்றும் கேட்டார். வரலாம் என்றேன். எந்த டேப் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு நோட்டைத் திருப்பித் தருவதற்காகப் பக்கங்களைச் சரிபார்த்த ஆய்வாளர் அம்மா, கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, இது வேறு கையெழுத்தாக இருக்கிறதே என்றார். வீட்டு அளவுகள் அந்தப் பக்கத்தில் இருக்கும். எனக்கு நானே அளவெடுத்துக்கொள்ள முடியாது என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாஸ்டர் அளப்பார், அவரே படிப்பார், அவரே எழுதுவார், அவரே வெட்டுவார். நான் கையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்பேன். அந்தப் பக்கத்தை நான் திறந்து பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. பெயர் எழுதும் இடத்தில் 'முதலாளி' என்று இருந்தது. இடுப்பு முப்பத்திரண்டு என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு சுழி இருந்தது.

"ரெண்டு சுழின்னா எவ்வளவும்மா கூட்டணும்?" என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். முதலில் சிரித்தது நூலகத்து அக்கா. நான் மாஸ்டரைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்து மின்விசிறி அப்போது ஓடவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு சுழி ஒன்பது வருஷம். ரெண்டாவது போன வருஷம்தான்" என்றார், கண்ணைக் கீழே இறக்காமல்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஊருக்கெல்லாம் சுழி போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒருவர் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அதைத் தைத்தும் கொடுத்திருக்கிறார், நான் வருடாவருடம் அதைப் போட்டுக்கொண்டு மாறவே இல்லை என்று தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். பாடிக்கொண்டே மாடிப்படி இறங்க வேண்டும்போல இருந்தது, ஆனால் நிலையத்துக்கு மாடி இல்லை. முதல் பகுதியில் அங்க அடையாளத்தில் சொன்னதைத் திருத்த வேண்டுமா, அடித்து எழுதி ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டால் போதும் என்று எழுத்தர் பேனாவை நீட்டினார். மாஸ்டர் இப்போது என்னைப் பார்த்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

எனவே, முதல் பகுதியில் கண்ட இடுப்பளவு ஒன்று நீங்கலாக, இதில் நான் சொல்லியிருப்பது யாவும் கூட்டாமல் குறைக்காமல் உண்மை. அந்த ஓர் அளவும் பொய் என்று தெரிந்தே, என் முழு விருப்பத்தின் பேரில், திருத்தாமல் விடப்பட்டது. யாரும் வற்புறுத்தவில்லை. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கண்டு, மாலை ஐந்து இருபதுக்குக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) தலைப்பில் கண்டவர், தையற்கடை
(சாட்சி ஒப்பம்) மேற்படியாரின் கணவர், துணி வெட்டுபவர்